எட்டு வருட இடைவெளியா, மூன்று வருடமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், பெயரோடு ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டேன். கடிதத்தின் சுருக்கம் இது.

வயது 36, படிப்பு பி.காம். 2011 ஜூனிலிருந்து 2017 மார்ச் வரை ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்தார். கடைசியாக வாங்கிய சம்பளம் 14,000 ரூபாய். முதல் பிரசவத்துக்காக நின்றவர் திரும்பப் போகவில்லை. இப்போது பெரியவன் மூன்றாம் வகுப்பு, சின்னவள் யுகேஜி. மறுபடி வேலைக்குப் போக வீட்டில் சம்மதம்தான். நான்கு மாதமாக விண்ணப்பம் போட்டும் ஒரு ஃபோன்கூட வரவில்லை. "எட்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்தவளை யார் கூப்பிடுவார்கள்?" என்று கேட்கிறார். தெரிந்தவர் ஒருவர் 6,000 ரூபாய் கொடுத்தால் 2018 முதல் 2024 வரை வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் ஏற்பாடு செய்து தருகிறேன் என்கிறாராம். வாங்கலாமா? பழைய கம்பெனியில் சான்றிதழ் வாங்காமல் வந்துவிட்டேன், அது இப்போது கைமாறிவிட்டது, என்ன செய்வது? குழந்தைகள் இருப்பதை எழுதலாமா? ரெஸ்யூமேயும், அதோடு அனுப்பும் விண்ணப்பக் கடிதமும் சரியா? இவைதான் கேள்விகள். கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "2020-ல் அண்ணனின் தையல் யூனிட்டில் கணக்குப் பார்த்தவர் நின்றுவிட்டார். அப்போதிருந்து அந்தக் கணக்கை நான்தான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொடுக்கிறேன். அதெல்லாம் வேலையில் சேராது இல்லையா?"

சேரும். அந்த ஒரு வரிதான் உங்கள் ரெஸ்யூமே. ஆனால் நீங்கள் இணைத்திருக்கும் நான்கு பக்கத்தில் அது எங்கேயுமே இல்லை.

கடிதத்தையும் ரெஸ்யூமேயையும் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் எழுதியது போல இருக்கிறது. கடிதம் எழுதியவருக்கு டையிங்குக்கு, அதாவது சாயமேற்ற, போன துணி திரும்பி வரும்போது கிலோ ஏன் குறைகிறது, அதை பில்லில் எங்கே பிடிக்க வேண்டும் என்பது தெரியும். ரெஸ்யூமேயில் இருப்பவரோ "துடிப்பான நிறுவனத்தில் சவாலான பணி" தேடிக்கொண்டிருக்கிறார். அந்த வாசகம் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்களில் நிரந்தரமாகக் குடியிருப்பது. டிரைவர், சூப்பர்வைசர், நேற்று கல்லூரி முடித்த பையன் என்று எல்லோர் ரெஸ்யூமேயிலும் அதைப் பார்த்துப் பார்த்து, ஆள் எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்குக் கண்ணே அந்த இடத்தில் நிற்பதில்லை.

சரி, அவசரமான கேள்விக்கு முதலில் வருகிறேன்.

அந்தச் சான்றிதழ் வேண்டாம்

தப்பு, பாவம் என்று சொல்லி நிறுத்தினால் உங்களுக்குப் போதாது. "எல்லோரும் செய்கிறார்கள், யாருக்குத் தெரியப் போகிறது?" என்று அந்த ஆள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தெரிய வரும் என்பதைச் சொல்கிறேன்.

உங்கள் பழைய கம்பெனி பிஎஃப் பிடித்தது என்கிறீர்கள். அப்படியானால் 2014-க்குப் பிறகு உங்களுக்கு யுஏஎன் என்ற நிரந்தர பிஎஃப் எண் ஒன்று கொடுத்திருப்பார்கள். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது, ஆதாரோடு இணைந்தது. புதிய இடத்தில் சேரும்போது அதைத்தான் கேட்பார்கள். அதில் நீங்கள் எங்கே, எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் விலகினீர்கள் என்ற வரிசை இருக்கும். 2017 மார்ச்சோடு அது நின்றிருக்கும். 2018 முதல் ஆறு வருடம் சம்பளம் வாங்கியதாகச் சான்றிதழ் சொல்லும். பிஎஃப் கணக்கில் அதற்கு ஒரு மாதம்கூட இருக்காது. "சின்ன கம்பெனி, பிஎஃப் இல்லை" என்று சமாளிக்கலாம் என்பார் விற்கிறவர். அப்புறம் சம்பளம் வரவான வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். அதற்கும் முன்னால், சான்றிதழின் தலைப்பில் அச்சடித்திருக்கும் ஜிஎஸ்டி எண்ணை யாராவது ஒருவர் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்ப்பார். எந்த லாகினும் தேவையில்லை. அந்தப் பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, எந்தத் தேதியில் ரத்தானது என்பதெல்லாம் அங்கேயே வந்துவிடும். நீங்கள் விண்ணப்பிப்பது அக்கவுண்ட்ஸ் வேலைக்கு. எதிரே உட்கார்ந்து உங்கள் காகிதத்தைப் பார்ப்பவரும் அக்கவுண்ட்ஸ்காரர்தான். சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்ப்பது அவருக்கு அன்றாட வேலை.

சேரும் நாளில் தப்பிவிட்டாலும் கதை அதோடு முடிவதில்லை. இரண்டு வருடம் கழித்துத் தெரிய வந்தாலும் வேலையை விட்டு நீக்க அது ஒன்றே போதும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் போலி ஆவணம் தயாரிப்பது மட்டுமல்ல, போலி என்று தெரிந்தே அதை உண்மையானதாகக் காட்டிப் பயன்படுத்துவதும் குற்றம்தான். தயாரித்தவர் கைக்குச் சிக்காமல் போகலாம். காகிதத்தில் இருப்பது உங்கள் பெயர். போலீஸ் வரை போவது அபூர்வம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் திருப்பூர் ஏற்றுமதி வட்டாரம் எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரியும். அவினாசி ரோட்டில் ஒரு ஆபீசில் நடந்த சமாச்சாரம் மாலைக்குள் பல்லடம் ரோட்டுக்குப் போய்விடும்.

இன்னொரு ஆசையும் வரலாம். "அண்ணன் லெட்டர்பேடில் மேனேஜர், சம்பளம் 25,000 என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டுமா?" அதுவும் இதே வகைதான். அண்ணனிடம் கடிதம் வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். அதில் இருப்பது நடந்ததாக இருக்கட்டும்: 2020 முதல், பகுதி நேரமாக, வீட்டிலிருந்து, இன்னின்ன வேலைகள். அந்த யூனிட்டுக்கு வெளியிலிருந்து ஒரு ஆடிட்டர் இருப்பார் இல்லையா? அவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, விசாரிக்க வேண்டியவர் என்று அவர் பெயரைக் கொடுங்கள். அண்ணன் தங்கையைப் புகழ்ந்தால் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். "அந்தப் பொண்ணு அனுப்புற கணக்குல நான் அதிகம் கை வைக்க வேண்டியதில்லை" என்று ஒரு ஆடிட்டர் சொன்னால் அதற்குத் தனி மரியாதை.

பழைய கம்பெனிச் சான்றிதழ்

இது நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய சிக்கல் இல்லை. பிஎஃப் இணையதளத்தில் அல்லது அரசின் உமங் செயலியில் உங்கள் பாஸ்புக்கையும் வேலை விவரப் பட்டியலையும் இறக்கிக்கொள்ளுங்கள். கம்பெனி பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அரசு ஆவணமாகவே கையில் வந்துவிடும். அந்தக் காலத்துச் சம்பளம் வரவான வங்கி ஸ்டேட்மெண்டும் ஒரு சான்றுதான். இந்த இரண்டும் இருந்தால், "சான்றிதழ் வாங்க முடியவில்லை, கம்பெனி கைமாறிவிட்டது" என்பதை எந்த நல்ல நிறுவனமும் ஏற்றுக்கொள்ளும்.

இங்கே நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2011 ஜூன் முதல் 2017 மார்ச் என்றால் ஐந்து வருடம் ஒன்பது மாதம். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, நீங்கள் விலகியபோது நடப்பில் இருந்த 1972 சட்டப்படி கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை உண்டு. ராஜினாமா செய்திருந்தாலும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் போன மிச்சத்தை முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் உங்களுக்கு ஆறு வருடம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 இருந்தது என்று வைத்துக்கொண்டால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 41,500 ரூபாய்க்குச் சற்று மேலே வருகிறது. வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வாங்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேளுங்கள். இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும், கம்பெனி வேறு கைமாறியிருக்கிறது, அதனால் கிடைத்துவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். தாமதம் என்ற ஒரே காரணத்தால் உரிமை தானாகச் செத்துப்போவதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பிஎஃப் விஷயத்திலும் ஒன்று. ஓய்வூதியப் பங்கை நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்காதீர்கள். மாத ஓய்வூதியத்துக்குப் பத்து வருடப் பணி வேண்டும். பழைய பணிக்காலமும் புதிய வேலையும் சேர்ந்துகொள்ளும்.

ரெஸ்யூமே: நான்கு பக்கம் எதற்கு?

அதிகம் எழுதினால் மதிப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் கல்யாண ஃபோட்டோவிலிருந்து வெட்டிய படம், தகப்பனார் பெயர், கணவர் பெயர், மதம், சாதி, ரத்த வகை, உயரம், ஆதார் எண். நீங்கள் டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்தவர் என்ற தகவல் மூன்றாம் பக்கத்தில் வருகிறது. அதுவரை யாரும் வருவதில்லை.

திருப்பூரில் நடுத்தரக் கம்பெனிகளில் ரெஸ்யூமே பெரும்பாலும் ஃபோனில்தான் திறக்கப்படுகிறது. அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் வரும். அவர் விரலால் ஒருமுறை தள்ளுவார். அந்த முதல் திரைக்குள் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: உங்கள் பெயரும் ஃபோன் நம்பரும், என்ன வேலைக்கு ஏற்றவர் என்பது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது. மீதியெல்லாம் அதற்குக் கீழே, ஒன்றரைப் பக்கத்துக்குள். சாதி, மதம், கணவர் பெயர் எதையும் எழுத வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆதார் எண்ணை ஊரெல்லாம் போகும் காகிதத்தில் போடவே போடாதீர்கள். அது சேரும் நாளில் கொடுக்க வேண்டியது. கடைசியில் வரும் "மேற்கண்டவை உண்மை என்று உறுதியளிக்கிறேன்" என்ற பத்தியும் கையெழுத்தும் போகட்டும். தனியார் கம்பெனியில் யாரும் அதைத் தேடுவதில்லை.

உங்கள் அனுபவத்தைப் பற்றி இப்போது இருப்பது ஒரே வரி: "அக்கவுண்ட்ஸ் சம்பந்தமான எல்லா வேலைகளும் பார்த்துள்ளேன்." உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்தே இப்படி மாற்றிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே அளவு, இதே வரிசை இருக்கட்டும். (துறைக்குப் புதிய வாசகர்களுக்கு: ஜாப் ஒர்க் என்பது மற்றவர் பொருளில் கூலிக்குச் செய்யும் வேலை. டெலிவரி சலான் பொருளோடு போகும் சீட்டு. ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள், 2பி சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல். டிடிஎஸ் பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி. டிராபேக் ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும் சுங்க வரி.)

*2020 முதல் இன்று வரை:* கணக்குப் பொறுப்பு, பகுதி நேரம், வீட்டிலிருந்து. குடும்பத்தினரின் தையல் ஜாப் ஒர்க் யூனிட், 14 தொழிலாளர்கள். டாலி பிரைமில் முழுக் கணக்கு. மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல். கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒத்துப்பார்த்தல். வாரச் சம்பளப் பட்டியல், இஎஸ்ஐ சந்தா.

*2017 – 2020:* குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி.

*2011 ஜூன் – 2017 மார்ச்:* அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். நிட்டிங், டையிங், பிரிண்டிங் ஜாப் ஒர்க் பில்களை டெலிவரி சலானோடு சரிபார்த்துப் பதிவு, மாதம் சுமார் 300 பில். டிடிஎஸ் பிடித்தம், வங்கிக் கணக்கு ஒத்திசைவு, டிராபேக்குக்கான ஷிப்பிங் பில் கோப்புகள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். எட்டு வருட இடைவெளி மூன்று வருடமாகிவிட்டது. ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. அந்த மூன்று வருடத்தையும் ஒளிக்காமல் ஒரே வரியில் சொல்லிவிட்டதால், "நடுவில் என்ன ஆச்சு?" என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

"ஜிஎஸ்டி வருவதற்கு முன்பே வேலையை விட்டவள்" என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் வருந்தியிருக்கிறீர்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது, நீங்கள் மார்ச்சில் நின்றீர்கள், உண்மைதான். ஆனால் ஐந்து வருடமாக மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறவருக்கு இந்தக் கவலை ஏன் என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் பழக்கம் இல்லாதது அண்ணன் யூனிட் அளவுக்குத் தேவைப்படாதவை மட்டும்தான். ஒன்று இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் பில், 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து கட்டாயம். இரண்டு, ஜாப் ஒர்க்குக்குப் பொருள் அனுப்புகிறவர் போடும் ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவம். மூன்றாவது, இன்று எந்த ஏற்றுமதி ஆபீசிலும் பேச்சாக இருக்கும் 45 நாள் விதி: குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்காமல் வருட முடிவுவரை இழுத்தால், அந்த வருடச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது. கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து இது இருக்கிறது. இந்த மூன்றையும் இன்டர்வியூவுக்கு முன் உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள். கோர்ஸ் எதுவும் தேவையில்லை.

விண்ணப்பக் கடிதம்

உங்கள் கடிதம் "கருணை கூர்ந்து" என்று ஆரம்பித்து "குடும்பச் சூழ்நிலையை மனதில் கொண்டு" என்று முடிகிறது. தாலுகா ஆபீஸ் மனு எழுதிப் பழகிய கை அது. வேலை கொடுப்பது உதவி இல்லை. அவர்களிடம் ஒரு வேலை கிடக்கிறது, அதைச் செய்ய ஆள் தேவை. அந்த ஆள் நீங்கள்தான் என்று காட்டினால் போதும். உங்களிடம் மற்ற விண்ணப்பதாரர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அதை நீங்களே கவனிக்கவில்லை. ஒரே டெலிவரி சலானை நீங்கள் முன்பு ஏற்றுமதிக் கம்பெனியின் மேஜையிலிருந்து பார்த்தீர்கள். இப்போது ஜாப் ஒர்க் யூனிட்டின் மேஜையிலிருந்து பார்க்கிறீர்கள். பில் எங்கே மாட்டிக்கொள்ளும் என்று இரண்டு பக்கமும் தெரியும். அதைச் சொல்லுங்கள்:

"ஐயா, உங்கள் நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவை என்ற விளம்பரம் பார்த்தேன். ஏற்றுமதி நிறுவனத்தில் ஏறக்குறைய ஆறு வருடம் ஜாப் ஒர்க் பில் பிரிவில் இருந்தேன். 2020 முதல் ஒரு தையல் யூனிட்டின் கணக்கையும் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் பகுதி நேரமாகப் பார்த்து வருகிறேன். சலானும் பில்லும் ஒத்துப்போகாமல் பணம் நிற்பதை இரண்டு பக்கமிருந்தும் கையாண்டிருக்கிறேன். இப்போது முழு நேர வேலைக்குத் தயாராக இருக்கிறேன். ரெஸ்யூமே இணைத்துள்ளேன். நீங்கள் சொல்லும் நாளில் நேரில் வருகிறேன்."

இவ்வளவுதான். விளம்பரம் தமிழில் வந்திருந்தால் தமிழிலேயே அனுப்பலாம், தப்பில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் முதல் வரியும், விளம்பரத்தில் அவர்கள் கேட்டிருக்கும் வேலையைத் தொடும் வரியும் மாறட்டும். ரெஸ்யூமேயை பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். காகிதத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் வேலையின் பெயரும் இருக்கட்டும். இப்போது அது "புதியது இறுதி 2" என்று இருக்கிறது! நௌக்ரி போன்ற தளங்களிலும் பெரிய நிறுவனங்களின் தளங்களிலும் ஏற்றுகிற பிரதியில் கட்டம், பெட்டி, இரட்டைப் பத்தி வேண்டாம். அங்கே முதலில் படிப்பது மென்பொருள், அதற்கு அவை குழப்பம். தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் மத்திய அரசின் நேஷனல் கரியர் சர்வீஸிலும் பதிந்து வையுங்கள், இரண்டும் இலவசம். பதிவுக் கட்டணம் கேட்கும் கன்சல்டன்சி பக்கம் போகாதீர்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "நாங்கள் வைத்துக்கொள்கிறோம்" என்றால் நகல் போதும் என்று சொல்லுங்கள்.

குழந்தைகளும் சம்பளமும்

ரெஸ்யூமேயில் குழந்தைகள் வேண்டாம். இன்டர்வியூவில் கேட்பார்கள், எனக்குத் தெரியும். பெண் என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976 சம ஊதியச் சட்டத்திலிருந்தே இருக்கிறது, 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் "ஆள் கிடைத்துவிட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் நீங்கள் எதை நிரூபிப்பீர்கள்? அதனால் அந்த இடத்தில் சட்டம் பேசுவதைவிட ஏற்பாட்டைச் சொல்வதுதான் பலன் தரும்: "ஸ்கூல் முடிந்து மாமியார் பார்த்துக்கொள்கிறார்." ஒரே வாக்கியம். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள், மாதக் கடைசியில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நீங்கள் திருப்பிக் கேளுங்கள். அதைச் சேருவதற்கு முன் கேட்க வேண்டும், சேர்ந்த பிறகு அல்ல.

சம்பளத்துக்கு "நீங்கள் பார்த்துக் கொடுப்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். பழைய 14,000 என்பது 2017 விலைவாசிக்கு உரியது, அதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டாம். உங்கள் பழைய தோழிகள் இரண்டு மூன்று பேர் இன்னும் அதே வேலையில் இருப்பார்கள். இன்றைய நிலவரம் என்ன என்று அவர்களிடம் கேட்டு, கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று மனதில் வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

36 வயதை ஒரு குறையாக எழுதியிருந்தீர்கள். அக்கவுண்ட்ஸில் அது குறை இல்லை. டாலி தெரிந்த இளம் பிள்ளைகள் நிறையக் கிடைக்கிறார்கள். பார்ட்டியிடம் ஃபோனில் பேசிச் சலான் வித்தியாசத்தைத் தீர்க்கத் தெரிந்தவர்கள் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

கடைசியாக, அனுப்பும் நேரம். உங்களைக் கூப்பிட வேண்டியவர் 7-ஆம் தேதி வரை டிடிஎஸ், 11 வரை ஜிஎஸ்டிஆர்-1, 20 வரை 3பி என்று ஓடிக்கொண்டிருப்பார் என்பது உங்களுக்கே தெரியும். 21-ஆம் தேதி காலையில் அனுப்புங்கள். நான்கு நாள் பொறுத்து, ஒருமுறை ஃபோன் செய்யுங்கள்.